வீடற்றவர்களும் மாணவர்களும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து சான் பெர்னாண்டோ உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் பன்னிருவர், தெருவில் படுப்போருக்காக ஒரு கூடாரம் செய்து 2017-ஆம் வருஷம் உலகத்துக்குக் காட்டினார்கள். அது வெயிலிலிருந்து மின்சாரம் சேமித்து இரவில் விளக்கெரிக்கும். மடித்தால் ஒரு பையாகிவிடும். அப்பெண்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தவர்கள். எம்.ஐ.டி. என்னும் கல்விச்சாலையின் திட்டத்தில் 10,000 டாலர் பெற்று, தையலும் கம்பி பற்றவைப்பும் கற்றுக்கொண்டே செய்து முடித்தார்கள். பெண்ணுக்கு அடுப்படியே போதுமென்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

நம் நாட்டில் தெருவில் கிடப்பவனைக் கண்டால் "அவன் தலைவிதி" என்று சொல்லி ஒரு காசை எறிந்துவிட்டுப் போகின்றோம். அது விதியானால் ஒன்று கேட்கின்றோம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் வீடற்றவர் தொகை கிராமங்களில் குறைந்தது. நகரங்களிலோ 7 லட்சத்து 78 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 38 ஆயிரமாக ஏறிற்று. விதி என்ன, ரயிலேறிப் பட்டணத்துக்குக் குடிபோயிற்றா? பட்டணத்தில் கூலி இருக்கின்றது. கூலிக்காரன் படுக்க இடமில்லை. இதுதானே காரணம்!

ஓசூரையே எடுத்துக்கொள்வோம். கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்து அனுப்பும் ஊர். கர்நாடக எல்லை தாண்டியும், வடநாட்டிலிருந்தும் வேலை தேடி ஆட்கள் வருகின்றார்கள். லட்சம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்கும் நிரந்தர விடுதி ஒன்று வேண்டுமென்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2013-இல் விதி செய்தது. 2011-லேயே லட்சத்தைத் தாண்டி, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்ட ஓசூரில் அந்த விதிப்படி எத்தனை படுக்கை உண்டு என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பல்லவா?

ஓசூர், கிருஷ்ணகிரி கல்லூரி மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2011-இல் வீடற்றவர்களை பிப்ரவரி 28 என்னும் ஒரே இரவில் எண்ணினார்கள். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் மரத்தடியில் தூங்குபவன் அந்தக் கணக்கில் எப்படி அகப்படுவான்? உங்கள் கையில் செல்போன் இருக்கின்றது. பஸ் நிலையம், மேம்பாலத்தடி, கடைத் திண்ணை, கட்டட வேலை நடக்குமிடம் எல்லாம் இரவிலும் பகலிலும் சென்று எண்ணி, வரைபடத்தில் குறியுங்கள். பெயரும் முகப்படமும் வேண்டாம். அவர்கள் வேடிக்கைப் பொருளல்லர். பிறகு அக்கணக்கை மாநகராட்சி மன்றத்தின் முன் வையுங்கள்.

கூடாரம் மழைக்கு உதவும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டால், அவன் கூடாரத்துடன் தெருவிலேயே இருப்பான். கணக்கு கையிலிருந்தால், "இங்கே அப்படி யாருமில்லை" என்று எந்த அதிகாரியும் சொல்லித் தப்ப முடியாது. மாணவர்கள் முதலில் அதைச் செய்வார்களென்று எதிர்பார்க்கின்றோம்.