பதிப்பியில் எழுத்தெண்ணிக்கை: செயற்குழுவின் நிலைப்பாடு

எங்கள் பயிற்சி நூலகத்தில் அச்சிடுவதற்கான 'பதிப்பி' கட்டளையில் எந்த வசதிகளைச் சேர்ப்பது என்று நுட்பக் குழு எடுத்த முடிவும், அதைத் தொடர்ந்து நோணாங்குப்பம் பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை மீண்டும் விவரிக்கவில்லை. விவாதத்துக்குப் பின் செயற்குழு வந்தடைந்த நிலை வருமாறு:

1. அளவுகோல். மாணவர் தாமே ஒரு வரியில் எழுதிக்கொள்ளக்கூடியதைக் கட்டளைக்குள் திணிக்கத் தேவையில்லை. அவர் தாமே எழுதினால் தவறிப்போகக்கூடியதைக் கட்டளைதான் சுமக்க வேண்டும். சிறு வசதிகளைச் சேர்ப்பது எளிது, நீக்குவது கடினம். பைத்தான் 2-இல் 'பிரிண்ட்' வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்தால் அடுத்த வரிக்குத் தாவாது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 'பிரிண்ட்'டைச் செயற்கூறாக்கி அந்தக் காற்புள்ளியை நீக்கியது. பழைய பதிப்புக்கான ஆதரவு முடிவதற்கு 2020 வரை ஆனது.

2. வரி தாவாமல் அச்சிடுதல், மதிப்புகளுக்கு இடையிலான பிரிப்புக்குறி: ஏற்கிறோம்.

3. வண்ண எழுத்து: தற்போதைக்கு வேண்டாம்.

4. மாறியின் பெயரையும் மதிப்பையும் சேர்த்துக் காட்டுதல்: கொள்கை அளவில் எதிர்ப்பில்லை. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கலாம்.

5. அகலமும் வெட்டும்: ஒரு சரம் எத்தனை இடத்துக்குள் அச்சாக வேண்டும், மிஞ்சுவதை எங்கே வெட்டுவது என்பவற்றை எழுத்துகளை எண்ணி முடிவு செய்தல். நுட்பக் குழு 'சிறு வசதி' என்று ஒத்திவைத்தது இதைத்தான். செயற்குழுவின் பெரும்பான்மை அந்த ஒத்திவைப்பை ஏற்கவில்லை.

'நோணாங்குப்பம்' என்பதில் 7 எழுத்துகள். யூனிகோடில் அது 13 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. 'நோ'வின் ஓகாரக் குறியைச் சில மென்பொருள்கள் இரண்டாகப் பிரித்துச் சேமிப்பதால் 14 ஆவதும் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகள். பைத்தானின் வடிவமைப்புக் கட்டளை குறிகளைத்தான் எண்ணுகிறது. 12 இடங்களுக்குள் அச்சிடு என்றால் 'நோணாங்குப்பம' என்று புள்ளி இல்லாமல் வருகிறது. 'அரியாங்குப்பம்' என்பது 'அரியாங்குப்ப' என்று நின்றுவிடுகிறது. சி மொழி பைட்டுகளை எண்ணுவதால் அதே 12-க்கு 'நோணா' மட்டுமே மிஞ்சுகிறது. 13 என்று கொடுத்தால் அடுத்த எழுத்தே உடைந்து குப்பையாக வருகிறது. நோணாங்குப்பத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 எழுத்து. அது அதே 12 இடங்களில் முழுசாக உட்கார்ந்து, மேலும் ஓர் இடத்தை மிச்சம் வைக்கிறது. ஏழெழுத்து ஊர்ப்பெயருக்குப் பன்னிரண்டு இடம் போதாது என்பதைத் தமிழ்வழி மாணவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இது அழகுப் பிரச்சினை என்று பொதுக்குழுவில் சொல்லப்பட்டது. வருகைப் பதிவேட்டில் 'செல்வம்' என்ற பெயர் 'செல்வம' என்று அச்சாவது அழகுப் பிரச்சினை அல்ல, பிழை. அந்தப் பெயருக்கு உரியவர் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். தாம் எழுதிய நிரல் சரியாக இருந்தும் தம் பெயரே தவறாக வருவதைப் பார்க்கும் மாணவர், தமிழில் நிரல் எழுதுவதே தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். அப்படி முடிவு கட்ட வைப்பது நம் நூலகம் என்றால், அது எதற்கு?

எழுத்துகளை எண்ணினாலும் நெடுவரிசை நேராகாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 'ணை'யும் 'ர'வும் திரையில் ஒரே அகலம் கொண்டவை அல்ல. அதனால், வரிசை நேராக நிற்கும் என்று யாருக்கும் உறுதி தர வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நேராக நிற்காததைக் காரணம் காட்டிப் புள்ளியை வெட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டோம். இரண்டும் வேறு.

செய்ய முடியாது என்ற வாதத்துக்கும் இடமில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பல ஆண்டுகளாகத் திறமூலமாகக் கிடைக்கிறது; 'பதிப்பி' என்ற சொல்லையே அங்கிருந்துதான் எடுத்தோம். சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் செயற்கூறு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் ஆயத்தமாக இருக்கிறது. அப்படிப் பிரித்து எண்ணினால் நேரம் கூடும் என்கிறார்கள். நாற்பது பெயர்களை அச்சிடும் வகுப்பறையில் அதை யார் உணரப் போகிறார்கள்?

'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றை ஓரெழுத்தாகக் கொள்வதா என்பதில் ஒருமித்த கருத்து எட்டவில்லை. மறுபரிசீலனைக்கு உட்பட்டு, ஓப்பன்-தமிழ் எண்ணும் முறையையே பின்பற்றலாம்.

6. ஆகவே செயற்குழு கோருவது:

அ. 'பதிப்பி'யில் அகலமும் வெட்டும் எழுத்துகளின் எண்ணிக்கையில் அமைய வேண்டும். இதுவே இயல்பு நிலை. மாணவர் தனியாகக் கேட்டு வாங்கும் விருப்பத் தேர்வாக இருக்கக் கூடாது.

ஆ. எண்ணுவதற்கு முன், பிரிந்து கிடக்கும் உயிர்க்குறிகளை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

இ. இம்மாற்றம் பொங்கலுக்கு முன் நூலகத்தில் சேர வேண்டும். அதுவரை பெயர்ப்பட்டியல் பயிற்சியில் வெட்டும் கட்டளையைப் பயிற்றுநர்கள் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நுட்பக் குழுவின் உழைப்பை மதிக்கிறோம். மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்; அவை அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். ஐந்தாம் பிரிவை மட்டும் மீண்டும் ஒத்திவைக்க இக்குழு உடன்படாது.