கழுத்தைக் கொடுக்கும் முன்



காலையில் எழுந்திருக்கும்போதே கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. என்ன செய்வீர்கள்? முதலில் வீட்டில் இருக்கும் தைலம். அப்புறம், ‘கொஞ்சம் நீவி விடேன்’ என்று மனைவியிடமோ மகனிடமோ ஒரு கெஞ்சல். அதற்கும் மசியவில்லை என்றால் சுளுக்கு எடுப்பவர், சலூன்காரர், இல்லாவிட்டால் ‘ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி’ என்று போர்டு மாட்டிய ஏசி கடை. தெரிந்தவர் ஒருவர் ‘நல்லா பண்ணுவாருங்க’ என்று சொல்லிவிட்டால் போதும், கிளம்பிவிடுகிறோம்.

டாக்டரிடம் போனால் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறோம். மகளை ட்யூஷனில் சேர்க்கும் முன் டீச்சர் என்ன படித்தவர் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கழுத்தையும் முதுகெலும்பையும் ஒப்படைக்கிற இடத்தில் மட்டும், ‘நீங்க எங்கே கத்துக்கிட்டீங்க?’ என்று கேட்க ஏன் வாய் வருவதில்லை?

பிடித்துவிடுவது பெரிய வித்தையா என்ன, கை இருந்தால் போதாதா என்று நாம் நினைப்பதுதான் காரணம். போதாது என்பதைச் சீனாவில் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

மூலிகை, அக்குபஞ்சர் இவற்றோடு சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் ‘துய்னா’ என்று ஒரு பிரிவு உண்டு. அழுத்தி, உருட்டி, பிசைந்து, மூட்டுகளை அசைத்து, கையாலேயே தரும் சிகிச்சை அது. ஷாங்காய் மரபில் இதைப் படிக்க வருகிறவருக்கு எடுத்த எடுப்பில் யாருடைய முதுகையும் காட்டிவிட மாட்டார்கள். மேஜை மேல் ஒரு துணிப் பையைத்தான் வைப்பார்கள். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் அகலம். உள்ளே அரிசி அல்லது மணல்.

அந்தப் பைதான் முதல் நோயாளி. பெருவிரல் நுனி அதன் மேல் ஓர் இடத்தில் பதிய வேண்டும். தோள் தளர்ந்து, முழங்கை தாழ்ந்து, மணிக்கட்டு தொங்கினாற்போல் இருக்க வேண்டும். முன்கை இப்படியும் அப்படியும் ஆட, பெருவிரல் மூட்டு மடங்கி நிமிர வேண்டும். ஆனால் பதிந்த நுனி இம்மியும் வழுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை. வலது கைக்கு வந்துவிட்டால், இடது கைக்கு முதலிலிருந்து.

பக்கத்தில் தலையணை இருந்தால் ஒரே ஒரு நிமிடம் செய்து பாருங்களேன். தோள் தானாக மேலே ஏறும். விரல் நழுவும். முன்கை கடுக்கும். இதைத்தான் அந்த மாணவர்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். ஆரம்பத்தில் பையை இறுகக் கட்டியிருப்பார்கள். கை பழகப் பழகக் கட்டைத் தளர்த்துவார்கள். அதற்கப்புறம்தான் மனித உடம்பு. இடையே, முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்று செய்யும் உடற்பயிற்சிகளும் உண்டு. நாள் முழுக்க நோயாளிகளுக்குச் செய்கிறவரின் இடுப்பும் தாங்க வேண்டுமே!

நல்ல கை எது என்பதற்கு அவர்கள் பாடத்தில் நான்கு அளவுகோல்கள் சொல்கிறார்கள்: நீடித்துச் செய்ய வேண்டும், பலம் இருக்க வேண்டும், சீராக இருக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும். நான்கும் கூடினால்தான் அழுத்தம் ஆழத்துக்கு இறங்கும். நம் கணக்கு என்ன? உயிர் போகிற மாதிரி வலித்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது என்று திருப்தி. நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மார்க் போடுகிறோம்.

இந்தப் படிப்பு நேற்று முளைத்ததல்ல. டாங் வம்ச காலத்தில் (618–907) அரசவை மருத்துவ அலுவலகத்திலேயே மசாஜுக்குத் தனித் துறை இருந்தது. பேராசிரியர் ஒருவர், மருத்துவர்கள் 4 பேர், உதவியாளர்கள் 16 பேர், மாணவர்கள் 15 பேர் என்று பதவிக் கணக்கு கூட இருக்கிறது. மிங் வம்ச காலத்தில், 1571இல், அரசு மருத்துவக் கழகத்திலிருந்து அந்தத் துறையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வித்தை அழியவில்லை. குழந்தை வைத்தியமாகவும், குருவிடமிருந்து சீடனுக்குப் போகும் குடும்பச் சொத்தாகவும் பிழைத்துக் கிடந்தது.

மறுபடி வகுப்பறைக்கு வந்தது ஷாங்காயில். 1956இல் பயிற்சி வகுப்பு, 1958இல் தனிப் பள்ளி. அதற்குத் தலைமை ஏற்ற ஜூ சுன்டிங், மேலே சொன்ன பெருவிரல் வித்தையான ‘ஒரு விரல்’ முறையில் தேர்ந்தவர். அதே மரபுக் குடும்பத்தில் வந்த டிங் ஜிஃபெங், புறங்கையை உருட்டிச் செய்யும் முறையை 1940களில் உருவாக்கியிருந்தார். விரல் நுனி தொடும் இடம் சின்னது. முதுகு, தொடை போன்ற பெரிய தசைகளுக்குப் புறங்கை வசதி. வீட்டுக்குள் பொத்தி வைத்திருந்ததை வெளியே எடுத்துப் பாடத்திட்டமாக்கி, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்றாக்கியது சின்ன விஷயமா?

இன்று சீனாவின் பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழகங்களில் அக்குபஞ்சரும் துய்னாவும் சேர்ந்த ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. உடற்கூறியல், நோய் கண்டறிதல் எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியில் பயிற்சியும் உண்டு.

ஐந்து வருடமா, அமுக்கி விடுவதற்கா என்று கேட்பீர்கள். எங்கே தொட வேண்டும் என்பதைக் கற்க அவ்வளவு காலம் வேண்டாம்தான். எங்கே தொடக் கூடாது என்பதைக் கற்கத்தான் காலம் வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி, சூடாக இருந்து வலிக்கிறது என்று வையுங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானம் உள்ள பாட்டியின் முதுகில் ஓர் அழுத்து, எலும்பையே முறித்துவிடலாம். முதுகு வலியோடு காய்ச்சல், கால் மரத்துப் போதல், சிறுநீர் போவதில் சிரமம் என்றால் மசாஜ் டேபிள் அல்ல, ஆஸ்பத்திரிதான் இடம். முடி வெட்டி முடித்ததும் கழுத்தை ‘டக்’கென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் உள்ளே கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அபூர்வம்தான். அந்த அபூர்வம் நம் வீட்டில் நடந்தால்?

படித்த கை இதையெல்லாம் முதலில் கேட்கும். பிரஷர் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எங்காவது விழுந்தீர்களா என்று விசாரித்த பிறகுதான் தொடும். எதுவும் கேட்காமல் ‘படுங்க’ என்று சொல்பவரிடம் நமக்கு என்ன அவசரம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கழுத்து, இடுப்பு, தோள் வலிக்கு இத்தகைய சிகிச்சை ஓரளவு ஆறுதல் தருவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை. ‘சி’ என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகள் என்று சீன மருத்துவம் சொல்வதை நவீன உடற்கூறியல் உறுதிசெய்யவில்லை. சர்க்கரையை விரட்டுகிறேன், கட்டியைக் கரைக்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மருத்துவமனை அல்லாத மசாஜ் நிலையங்கள் ‘நோய் தீர்க்கிறோம்’ என்று விளம்பரம் செய்யச் சீனாவிலேயே அனுமதி இல்லை.

பிள்ளைகள் இந்தப் படிப்பில் சேர ஆசைப்பட்டால்? தாராளமாகச் சேரட்டும். கை வேலை தெரிந்தவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான். ஆனால் சில நாள் வகுப்பு முடிந்ததும் சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் இடங்களில் பணம் கட்டும் முன் யோசியுங்கள். உடற்கூறியல் யார் எடுக்கிறார்கள்? அனுபவசாலியின் கண்காணிப்பில் எத்தனை மணி நேரம் பயிற்சி? எப்போது மசாஜ் கூடாது என்பது பாடத்தில் இருக்கிறதா? இன்னொன்று: நம் நாட்டு ஆயுஷ் மருத்துவ முறைகளில் துய்னா இல்லை. அந்தச் சர்டிஃபிகேட்டை நம்பி இங்கே பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள முடியாது.

முறையான பயிற்சி ஒருவருடைய வாழ்க்கையை எப்படி நிமிர்த்தும் என்பதற்குச் சீனாவின் பார்வையற்ற மசாஜ் மருத்துவர்களைத்தான் பார்க்க வேண்டும். 1958இல் தொடங்கிய பெய்ஜிங் மசாஜ் மருத்துவமனையில் பார்வையற்ற மருத்துவர்கள் பலர் பணிபுரிகிறார்கள். சாங்சுன் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய சிறப்புக் கல்விக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் இதில் பட்டமே வாங்கலாம். சிகிச்சை தர அவர்களுக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. களைப்பு போக்கும் மசாஜ் தொழில் அதிலிருந்து வேறு. இவர்களின் உலகத்தை வைத்து எழுத்தாளர் பி ஃபெய்யூ 2008இல் ‘துய்னா’ என்றே ஒரு நாவல் எழுதினார். சீனாவின் பெரிய இலக்கியப் பரிசான மாவ் துன் விருது 2011இல் அதற்குக் கிடைத்தது. 2014இல் லோ யே அதைப் படமாக எடுத்தார். அந்த நாவலின் மனிதர்கள் யாருடைய இரக்கத்துக்கும் கை நீட்டுவதில்லை. தொழில் தெரிந்தவர்களாக மதிக்கப்பட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

மலேசிய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி நடந்தால் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள் கண்ணில் படும். மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது.

அதனால், வாசகர்களே, இரண்டு பழக்கங்களை நாம் சேர்ந்தே வளர்த்துக்கொள்வோம். முதலாவது, கூச்சப்படாமல் கேட்பது: எங்கே கற்றீர்கள், எத்தனை காலம், யாரிடம்? நல்ல தொழில்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சொல்லப்போனால் சந்தோஷப்படுவார். இரண்டாவது, பதில் திருப்தியாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுப்பது. ஸ்கேனுக்குக் கேட்ட பணத்தை மறுபேச்சு இல்லாமல் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி வேலை செய்தவரிடம் ‘ஐம்பது குறைச்சுக்கோங்க’ என்கிறோம். கைத்தொழிலை நாம் மலிவாக நடத்தும் வரை, அதைக் காலம் செலவழித்துக் கற்க யார் வருவார்கள்? அரைகுறைகள்தான் மிஞ்சுவார்கள், அவர்களிடம்தான் நம் வீட்டுப் பெரியவர்களைப் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஊரில் முறையாகக் கற்று நேர்மையாகச் செய்கிற ஒருவரைத் தெரியுமா? எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்