ஸஹர் நேரமும் கேஸ் அடுப்பும்



இண்டக்ஷன் அடுப்பில் சட்டியைத் தூக்கினால் சூடு நின்றுவிடும். ஆனால் மண்சட்டி அதற்குச் சரிவராது, கரண்ட் போனால் சமையலும் இல்லை. 2022இல் கியூவில் காய்ந்த பிறகும் நாம் கேஸை விடாதது அதனால்தான். சரி. ஆனால் பால் பொங்கி நெருப்பு அணைந்தாலும், நம் வீடுகளிலுள்ள சாதாரண கேஸ் அடுப்பில் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடப் பாரம், தரையில்தான் தேங்கும். ஸஹருக்கு அரைத்தூக்கத்தில் குசினிக்குப் போனதும் நம் கை முதலில் தேடுவது லைட் சுவிட்சை! கேஸ் மணத்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடுவோம். புதுக் கண்ணாடி அடுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம், ஹோஸ் மட்டும் ராத்தாவின் கல்யாணத்தோடு வந்தது. நோன்புக்கு முன் அதை மாற்றிவிடுவோம்.