வாடகை வீட்டில் எலி மருந்து: பக்கத்து வீட்டுக்கும் எமன்!

சாரல் காலத்தில் ஆபத்து அதிகம்

செங்கோட்டை:–

சீசன் வந்தால் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வாடகை வீட்டுக்கு ஏக கிராக்கி. ஆள் வருவதற்குள் எலி, கரையான், கரப்பான் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் மருந்து தேடுகிறார்கள். இவற்றில் சில மருந்துகள் எலியோடு ஆளையும் சேர்த்துக் கொன்றுவிடும்!

2 குழந்தைகள் பலி

சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்த சம்பவத்தை மறக்க முடியாது. எலித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பத்தினர் பூச்சி ஒழிப்பு கம்பெனியை அழைத்தனர். ஆட்கள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு ஏ.சி. போட்டுப் படுத்த 4 பேருக்கும் வாந்தி, மயக்கம். 2 குழந்தைகள் பரிதாபமாக இறந்தனர். தாய்–தந்தை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மருந்தின் நெடியை சுவாசித்ததே வினையாகிவிட்டது.

ஈரம் பட்டால் விஷவாயு

இந்த வகை மருந்துகளில் மிகக் கொடியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தானியக் குடோன்களில் வண்டு ஒழிக்கப் போடுவது. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் வாயுவைக் கக்கும். இதற்கு நிறம் கிடையாது. பூண்டு வாடையோ, அழுகிய மீன் வாடையோ வரலாம், வராமலும் போகலாம். உடம்பில் ஏறிவிட்டால் முறிவு மருந்தே கிடையாது.

சாரல் காலத்தில் காற்றெல்லாம் ஈரம். கதவு, ஜன்னலும் அடைத்தே கிடக்கும். பழைய தெருக்களில் வீடுகளோ சுவரோடு சுவர். ஓட்டுக்கு அடியில் உள்ள சந்து வழியாக வாயு பக்கத்து வீட்டுத் தொட்டில் வரை போய்விடும். "காலி வீடுதானே, போட்டால் என்ன?" என்று வீட்டுக்காரர் நினைப்பது இங்கேதான் தப்பு.

யார் பொறுப்பு?

அரசு நிறுவனங்களும் பூச்சி ஒழிப்பு கம்பெனிகளும் மட்டுமே, அதுவும் நிபுணர் மேற்பார்வையில்தான், இந்த மாத்திரையைக் கையாள வேண்டும் என்பது மத்திய அரசின் கட்டுப்பாடு.

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமோ, வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை என்று பட்டியலே போட்டிருக்கிறது. எலி மருந்து அந்தப் பட்டியலில் இல்லை! வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதுவும் குடியிருப்பவருக்குத்தான், அடுத்த வீட்டுக்காரருக்கு அல்ல.

ஆசிட்டும் பவுடரும்

கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுவதும் இதே கதைதான். உடனே குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் சிப்பாய்கள் மீது ஏவிவிட்ட அதே வாயு! அவசரத்தில் கழுவ வரும் கூலி ஆள்தான் முதலில் மாட்டுவார்.

செய்ய வேண்டியது

குடியிருக்கும் வீட்டில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வேண்டவே வேண்டாம். எலி வரும் ஓட்டையை சிமெண்டு பூசி அடைத்து, பொறி வைத்தால் போதும். கம்பெனி ஆள் வந்தால் லைசென்சைக் கேட்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்று எழுதி வாங்க வேண்டும். அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெடியடித்தாலோ, குமட்டினாலோ உடனே வெளியேறி 108-க்கு போன் செய்ய வேண்டும்.

வாடகைக்கு விட்டது வீட்டை மட்டும்தான். அங்கே குடியிருப்பவரின் உயிரை அல்ல.