எழுபதுக்குக் கொடுத்த பணம் திரும்பி வருமா?

அமெரிக்காவில் முதலீட்டுக்காகப் பிளாட்டினம் நாணயம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், தரச்சான்றில் உச்ச மதிப்பெண்ணான எம்எஸ்-70 பெற்றதாகவே வாங்குங்கள். கூடுதலாகக் கொடுப்பது விற்கும்போது வந்துவிடும்." உலோகத்துக்காக வாங்குகிறவருக்கு இது தவறான அறிவுரை.

எழுபது அரிது என்கிறார்கள். நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் இந்த 70 புள்ளி அளவுகோலை வகுத்தது, கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக. அவற்றில் பழுதில்லாத ஒன்று அகப்பட்டால் அது புதையல்தான். 1997இல் வரத் தொடங்கிய அமெரிக்க நாணயச்சாலையின் பிளாட்டினம் ஈகிள் புழக்கத்தையே பார்க்காத நாணயம். அதை வியாபாரிகள் பொறுக்கியெடுத்துத்தான் சான்றுக்கு அனுப்புகிறார்கள். அனுப்புபவற்றில் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடுகின்றன. சான்றுக்கே போகாமல் பெட்டகங்களில் கிடப்பவை நாளைக்குப் போனால் எழுபதுகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். கூடிக்கொண்டே போகக்கூடியதை அரிது என்று எப்படிச் சொல்வது?

எழுபது என்றால் குறையே இல்லாதது என்பது அடுத்த வாதம். ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியக்கூடாது என்பதே விதி. ஒரு 69ஐயும் ஒரு 70ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் சுதந்திர தேவியின் முகம், பின்பக்கத்தில் சூரியனுக்கு மேலே பறக்கும் கழுகு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லென்ஸை நகர்த்தி நகர்த்தித் தேடினால் தேவியின் கன்னத்தருகே மயிரிழை போல ஒரு கீறல் தென்படலாம். அதைக் குறையென்று முடிவு செய்வதும் ஒரு மனிதரின் கண்தான். அதே நாணயத்தைச் சான்று நிறுவனம் அடைத்துத் தந்த பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பி வேறு மதிப்பெண் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போலிக்குப் பயந்து சான்று வாங்குவதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பை 69 பெற்ற நாணயமும் அப்படியே தருகிறது. அதோடு, பிளாட்டினத்தைப் போலி செய்வது தங்கத்தைப் போல எளிதல்ல. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தியும் ஏறக்குறைய அதுவே. அங்கேதான் ஏமாற்ற வழி. பிளாட்டினத்துக்கு 21.45. மலிவான உலோகம் எதற்கும் அந்தக் கனம் கிடையாது. ஒரு அவுன்ஸ் ஈகிளின் எடை 31.12 கிராம், விட்டம் 32.7 மில்லிமீட்டர், தடிமன் 2.39 மில்லிமீட்டர். மலிவான உலோகத்தில் செய்த போலி எடையில் சரியாக இருந்தால் தடித்துவிடும். அளவில் சரியாக இருந்தால் எடை குறையும். நல்ல தராசும் காலிப்பரும் போதும்.

'முதல் அச்சு' என்ற சீட்டுக்கும் தனி விலை வைக்கிறார்கள். வெளியான முதல் முப்பது நாளுக்குள் சான்று நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. எது முதலில் அடிக்கப்பட்டது என்ற கணக்கை அமெரிக்க நாணயச்சாலை வைத்துக்கொள்வதில்லை.

இனி விற்கும் நாள். நம் வீட்டுப் பெண்களுக்கு இது மனப்பாடம்: பழைய நகையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது. உலோகம் வாங்கும் வியாபாரியிடம் எழுபதும் அப்படித்தான், அவர் பார்ப்பது எடையையும் அன்றைய விலையையும் மட்டுமே. கூடுதல் பணம் வேண்டுமென்றால் சேகரிப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். உலோகமே ஆட்டம் காட்டக்கூடியது. 2008 மார்ச்சில் அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டிய பிளாட்டினம், அந்த ஆண்டு முடிவதற்குள் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. அந்த ஆபத்தோடு சீட்டின் விலையையும் ஏன் சுமக்க வேண்டும்?

ஆண்டுதோறும் பின்பக்க வடிவம் மாறிய, சேகரிப்பாளர்களுக்கென்றே குறைவாக அடிக்கப்பட்ட புரூஃப் நாணயங்களை விரும்பிச் சேர்ப்பவர் எழுபதைத் தேடட்டும். அது வேறு ஆசை, வேறு சந்தை. உலோகத்துக்காக வாங்குகிறவர் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். எழுபதுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்டால், பத்து நாணயம் வாங்கும்போது பதினோராவது நாணயத்தின் விலையைக் காகிதச் சீட்டுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் பதினோராவது நாணயத்தையே வாங்குங்கள்.