தாயம் விழுவது கைராசியாலா?

"தாயம் விழக் கைராசி வேணும் மக்கா, இதுல யோசிக்க என்ன கெடக்கு?" பூதப்பாண்டியில் கட்டை உருளும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடாமல் இராது. சிவராத்திரிக்குக் கண்விழிக்க ஆடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தார்சாவில் சாக்குக்கட்டியால் கட்டம் போடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மாதிரியான கதாபாத்திர ஆட்டங்களில் இருபது முகப் பகடை உருட்டப் பழகிவிட்டு, அதில்தான் கணக்கு இருக்கிறது, தாயம் வெறும் குருட்டு யோகம் என்கிறார்கள். இரண்டு கட்சியும் தவறு.

கட்டையை எடுத்துப் பார்ப்போம். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறும் பக்கம். ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று நான்கு விதத்தில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று விதம். தாயம் என்கிற ஒன்றும் ஐந்தும் இரண்டிரண்டு விதம். ஆறுக்கு ஒரே விதம். இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே விதம். அரிதாக விழும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கு மட்டும்தான் மறுபடி உருட்டும் உரிமை. இந்த விதியை வகுத்தவர்கள் எது அபூர்வம் என்று அறிந்தே வகுத்திருக்கிறார்கள். இருபது முகப் பகடையிலோ ஒன்றும் இருபதும் பத்தும் ஒரே அளவில்தான் விழும். 1974இல் வெளிவந்த அந்த 'டன்ஜன்ஸ்' ஆட்டத்தின் பகடையைவிட நம் இரட்டைக் கட்டைக்குள் ஏற்ற இறக்கம் கூடுதல்.

அடுத்து கைராசி. காயை இறக்கத் தாயம் வேண்டும். ஒரு உருட்டில் அது விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதால், ஒரு முறைக்கான வாய்ப்பு ஆறில் ஒன்றாக உயர்கிறது. லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும். அங்கே ஒரு உருட்டில் ஆறு விழும் வாய்ப்பும் அதே ஆறில் ஒன்று. காய் இறங்கும்வரை மறு உருட்டு கிடையாது என்று ஆடும் வீடுகளில் அது எட்டில் ஒன்றாகவே நிற்கும். வீட்டுக்கு வீடு மாறும் சின்ன வழக்கம் ஆட்டத்தை இவ்வளவு மாற்றும்.

ஆறில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். தன் முறை பத்துத் தடவை வந்தும் ஒருவருக்குத் தாயம் விழாமலிருக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். நான்கு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது பத்து முறையும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அப்படி உட்கார்ந்திருக்கும் மருமகளையோ மைனியையோ பார்த்து "உனக்கு ராசி கெடையாது பிள்ளே" என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பேச்சு. ஆட்டத்துக்கு ஆட்டம் யாரோ ஒருவர் தலையில் விழக்கூடியதை ஒருத்தியின் பிறப்போடு முடிச்சுப் போடுகிறோம். இத்தனை முறை விழவில்லையே, இனி விழுந்தே தீரும் என்று தேற்றுவதும் பொய்தான். போன முறை எப்படி விழுந்தோம் என்று கட்டைக்குத் தெரியாது.

யோசிக்க ஒன்றுமில்லை என்கிறார்களே, அதற்கு எதிராளியின் காயை வெட்டுவதுதான் பதில். ஒரு முறை முடிவதே இரண்டு, மூன்று, நான்கு இவற்றில் ஒன்று விழுந்தால்தான். மற்றவை மறுபடி உருட்டச் சொல்லும். அப்படி முடிவது மூன்றாக இருக்கும் வாய்ப்பு 40 சதவீதம். எதிராளியின் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால் போய் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரிகிறதே! ஆறு கட்டம் தள்ளி நின்றால், தாயமும் ஐந்தும் சேர்ந்து வந்து வெட்டுவதைக் கணக்கில் சேர்த்தாலும், ஆபத்து அதில் பாதிக்கு வராது. எந்தக் காயை வெட்டுப்படாத கட்டமான மலையில் ஏற்றுவது, எதைத் தைரியமாக வெளியே விடுவது என்பதெல்லாம் இந்தக் கணக்குதான். பழகிய கிழவிகள் சதவீதம் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூணு கட்டத்தில் காயை வைக்கவும் மாட்டார்கள்.

வாய்ப்புக் கணக்கே மேல்நாட்டுச் சரக்கு என்பாரும் உண்டு. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதம் எழுதி அதைக் கணிதமாக்கினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் மகாபாரதத்தின் நளன் கதையில், தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்லும் இருதுபன்னன்தான் நளனுக்குச் சூதின் மர்மத்தைக் கற்றுக்கொடுக்கிறான். எண்ணிக்கையும் பகடையும் ஒரே வித்தை என்ற எண்ணம் இங்கே பழையது.

கட்டைக்குப் பதில் ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டையை உருட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். இரண்டு பக்கமும் சமமாக விழுமென்றால், ஒன்று மட்டும் வெள்ளையாக விழும் வாய்ப்பு நாலில் ஒன்று, பித்தளைக் கட்டையில் தாயம் விழுவதைப்போல இரு மடங்கு. கொட்டை சமமாக விழுகிறதா என்பது தேய்த்தவர் கையைப் பொறுத்தது. ஆட உட்காருமுன் நூறு முறை உருட்டி எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.