சிலைக் கடத்தலும் சுங்கச் சோதனையும்: எங்கள் நிலைப்பாடு

காவிரிப் படுகையின் கோயில்களில் களவுபோகும் திருமேனிகளைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மடக்குவது சுங்கத் துறையின் வேலை. எதை மடக்குவது என்று அந்தத் துறைக்குத் தெரிய வேண்டுமானால், படமும் அளவும் கொண்ட பட்டியல் அதன் கையில் இருக்க வேண்டும். அதைத் தர வேண்டியவர்கள் இந்தியத் தொல்லியல் துறையும், இந்து சமய அறநிலையத் துறையும், கோயில் இருக்கும் ஊர்க்காரர்களும். பட்டியல் இல்லாமல் எல்லையில் நடக்கும் பறிமுதல் எல்லாம் அதிர்ஷ்டத்தால் நடப்பவையே. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, அரியலூர் மாவட்டங்களின் கோயில் ஊர்களைச் சேர்ந்த எங்கள் அமைப்பு, உறுப்பினர்கள் கூடிப் பேசி எடுத்த இந்த நிலைப்பாட்டை மக்கள் முன்னும் மத்திய, மாநில அரசுகளின் முன்னும் வைக்கிறது.

ஸ்ரீபுரந்தானில் நடந்ததைப் பாருங்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் சோழர் காலக் கோயில் அது. பூசை நின்று பூட்டிக் கிடந்தது. விஷ ஜந்துக்கள் இருக்குமென்று ஊரார் உள்ளே போகத் தயங்கினார்கள். 2006ல் திருடர்கள் வேறு வேறு இரவுகளில் வந்து, அவசரமில்லாமல் சிலைகளை எடுத்துப் போனார்கள். போன சங்கதி 2008 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே எதுவும் இல்லை. அதற்குள் அந்தச் சிலைகளில் ஒன்றான நடராஜரை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிவிட்டது.

அந்தச் சிலை சென்னையிலிருந்து கப்பலேறியபோது திருட்டுப் புகாரே இல்லை. சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாலும், எதோடு ஒப்பிட்டுச் சந்தேகப்பட்டிருப்பார்? இத்தனைக்கும் படம் இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994ல் அதே நடராஜரை அதே கோயிலில் படமெடுத்து வைத்திருந்தது. அந்தப் படம்தான் பிற்பாடு சிலையை அடையாளம் காட்டி, 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கையாலேயே அதைத் திருப்பித் தர வைத்தது. புதுச்சேரியில் இருந்த படம் சென்னைத் துறைமுகத்தில் இல்லை. எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கும்.

இனி, பெட்டிக்கு மேல் எழுதப்படும் பொய்க்கு வருவோம். கபூரின் நிறுவனத்துக்கு இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த ஏழு மரப்பெட்டிகளைப் பற்றி 2007ல் நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகம் அமெரிக்க அதிகாரிகளிடம் சொன்னது. தோட்டத்தில் போடும் மார்பிள் மேசை செட் என்று அந்தப் பெட்டிகளின் காகிதங்களில் எழுதியிருந்தது. அங்கே இதைக் கையிலெடுத்தது குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையின் புலனாய்வுப் பிரிவு. கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் பிடிபட்டார். 2012ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ஒரு வியாபாரியைத் தண்டிக்க ஒரு தலைமுறை உழைப்புப் போயிருக்கிறது.

1976 முதல் நடைமுறையில் இருக்கும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதிய சிலையை அனுப்புகிறவர், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். ஓட்டை இங்கேதான். புதுச்சிலைக்கு வாங்கிய காகிதத்தைப் பழஞ்சிலையின் பெட்டியோடு வைத்துவிடலாம். இருபது புதுச்சிலைகளுக்கு நடுவில் ஒரு பழஞ்சிலையைக் கலந்துவிடலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் விரும்புகிறார் என்பதற்காகப் பளபளப்பைக் குறைத்துப் பச்சையும் கருமையுமாக நிறமேற்றிய ‘ஆன்டிக் பினிஷ்’ சிலைகள் சந்தையில் ஏராளம். ஆயிரம் ஆண்டுப் பச்சையையும் ஆறு மாதப் பச்சையையும் பரபரப்பான சரக்குக் கிடங்கில் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது சுங்க அலுவலருக்கு எளிதல்ல.

இந்தக் குழப்பத்துக்கு நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் விலை கொடுக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் படலம் படலமாகப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். ஆறிய பிறகு மண்ணை உடைத்தெடுத்து, விரல் நகம், சதங்கை, சடையின் நெளி என்று வாரக்கணக்கில் உளியால் செதுக்குகிறார். ஒரு வார்ப்புக்கு ஓர் அச்சுதான். புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தொழிலில், சான்றிதழுக்குக் காத்திருந்து கும்பாபிஷேகத் தேதியைத் தவறவிடுவது பெரிய நஷ்டம். வெளிநாட்டுத் தமிழர் கட்டும் கோயிலுக்குப் போகும் சிலையைச் சந்தேகத்தின் பேரில் மாதக்கணக்கில் கிடங்கில் போட்டு வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஸ்தபதியைத் திருடனைப்போல் நடத்தும் சோதனையால் திருடன் பிடிபடப்போவதில்லை.

ஆகவே சான்றிதழும் சிலையும் பிரிக்க முடியாதபடி இணைக்கப்பட வேண்டும். முன், பின், பீடத்தின் அடி என எல்லாப் பக்கத்துப் படங்களும், கிராம் சுத்தமான எடையும், திருவாசியில் எத்தனை சுடர் என்பதுவரையான அடையாளங்களும் சான்றிதழில் இருக்கட்டும். அதன் எண் ஷிப்பிங் பில்லில் ஏறட்டும். பெட்டி அதிகாரி முன்னிலையில் மூடி முத்திரையிடப்படட்டும். உலோகக் கலவையைச் சில நிமிடங்களில் காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவிகள் சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களிலும் திருச்சி விமான நிலையத்திலும் வேண்டும். சான்றிதழ் தரக் காலக்கெடு வேண்டும். கும்பகோணத்திலேயே அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும்.

பட்டியலின் நிலைமையோ கவலைக்குரியது. நாட்டில் 58 லட்சம் தொல்பொருட்கள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டிருக்க, பதிவானவை சுமார் 16.8 லட்சம் என்று 2023ல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. பதிவு எவ்வளவு வலுவான சாட்சி என்பதற்கு நம் பக்கத்து உதாரணங்களே போதும். தரங்கம்பாடிக்கு அருகே அனந்தமங்கலம் பெருமாள் கோயிலிலிருந்து 1978ல் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் 2020ல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். அடையாளம் சொன்னவை 1958ல் எடுத்த படங்கள். கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலின் திருமங்கையாழ்வாரைத் திருப்பித் தர 2024ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சம்மதித்தது. அதற்கு ஆதாரம் 1957ல் எடுத்த படம். இரண்டும் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தவை. தமிழர்கள் அந்த நிறுவனத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த வேலையை நாமே செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படங்களை வெளியிட்டால் திருடனுக்கே வழிகாட்டியதாகும் என்று சில கோயில் நிர்வாகிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறோம், ஏற்கவில்லை. ஸ்ரீபுரந்தானுக்குப் போனவர்கள் படம் பார்த்துப் போகவில்லை. ஊரறிந்த படம் உள்ள சிலையை எந்தப் பெரிய அருங்காட்சியகமும் வாங்கத் துணியாது. வாங்குபவன் இல்லாத பொருளை உயிரைப் பணயம் வைத்துத் திருடுபவனும் குறைவு. சிலை எந்த அறையில், எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்பதை வெளியிட வேண்டியதில்லை.

இது செப்புத் திருமேனிகளோடு முடியும் விஷயமும் அல்ல. தஞ்சை சரபோஜி மன்னரும் மகன் சிவாஜியும் உள்ள ஓவியத்தைக் கபூரிடமிருந்து வாங்கிய அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று 2015ல் அதை ஒப்படைத்தது. சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டின் பிரதி 2005ல் தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து காணாமல் போனது. லண்டனில் அது இருப்பதை 2022ல் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது. ஓலையும் தாளும் சூட்கேஸில் அடங்கும். பயணிகள் சாமான் சோதனையிலும் அவற்றைக் கவனிக்கப் பயிற்சி தேவை.

மீட்டு வருவதில் நாடு முன்னேறியிருப்பதை மனமார வரவேற்கிறோம். 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 297 தொல்பொருட்களை அமெரிக்கா ஒப்படைத்தது. ஆனால் மீட்டவை எங்கே போகின்றன? களவுபோய் லண்டனில் பிடிபட்ட பத்தூர் நடராஜருக்காக அங்குள்ள நீதிமன்றத்தில் பத்தூர்க் கோயிலே ஒரு சட்டபூர்வ நபராக நின்று வழக்காடி வென்றது. அறிஞர் இரா. நாகசாமி அங்கே போய்ச் சாட்சி சொன்னார். 1991ல் திரும்பிய அந்த நடராஜர் ஊருக்குப் போகவில்லை. திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். கோயிலின் பெயரால் வென்ற மூர்த்தி கோயிலுக்கு வெளியே இருப்பது நியாயமல்ல. மீட்ட திருமேனிகளை வழக்குப் பொருள் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கக் கூடாது. படமும் அளவும் பதிவு செய்து, காப்பறையும் கேமராவும் காவலரும் அமைத்துக் கொடுத்து, அந்தந்த ஊருக்கே அனுப்ப வேண்டும். செலவை அரசு ஏற்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. பல கோடிக்கு விலைபோகும் சிலையைக் கடத்தினால் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. இது போதாது. உள்நாட்டுத் தொல்பொருள் விற்பனைக்கு உரிமம் வேண்டியதில்லை என்ற யோசனை 2017 வரைவு மசோதாவில் வந்தது. அது எந்த வடிவில் திரும்ப வந்தாலும் எதிர்ப்போம். மும்பையில் கைமாறும் சிலை அடுத்த மாதம் கப்பலில் இருக்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும், குருக்கள், பட்டாச்சாரியார்களுக்கும், தர்மகர்த்தாக்களுக்கும், இளைஞர் மன்றங்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: பூட்டிக் கிடக்கும் கோயிலாக இருந்தால் செயல் அலுவலரை அழைத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த திருவிழாவுக்கு உற்சவரை வெளியே எழுந்தருளச் செய்யும்போது, அலங்காரத்துக்கு முன்பே, முன்னும் பின்னும் பீடத்தின் அடியும் தெரியப் படம் எடுங்கள், உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பிரதியைக் கோயிலில் வையுங்கள், ஒன்றை அறநிலையத் துறைக்கும் ஒன்றைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.